அமெரிக்கப் பாட்டில் பாலில் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

குழித்துறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன். முதல் குழந்தை, பெண். நிறைமாதத்தில் 2.9 கிலோ எடையுடன் பிறந்தவள், மூன்று மாதம் முடிந்த இப்போது 5.4 கிலோ. இதுவரை தாய்ப்பால்தான். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். தாய் தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அங்கே கொடுத்த 84 நாள் விடுப்பு முடிந்து, சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் வேலைக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஊருக்கு வந்தபோது ‘ரெடி டு ஃபீட்’ (எதுவும் கலக்காமல் அப்படியே கொடுப்பது) என்று எழுதிய, தாய்ப்பாலுக்குப் பதிலான சிசுப்பால் பாட்டில்கள் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 237 மில்லி பாட்டில், மொத்தம் 24. திறந்து பார்த்த மாமியார், “இது வெறும் வெள்ளம்லா (தண்ணீர்தானே), பிள்ளைக்கு இது பத்துமா?” என்று கேட்டு, கூவைப்பொடியும் (ஆரோரூட் மாவு) ஏத்தங்காய்ப் பொடியும் (நேந்திரங்காய் மாவு) காய்ச்சிச் சேர்க்கச் சொல்கிறார். தாய்க்கோ அந்தப் பால் உடம்புக்குச் சூடு என்ற பயம். மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு வெந்நீர் கலந்து நான்கு நாளாக இரண்டு வேளை கொடுத்துவருகிறார். லேபிளில் 20 கலோரி என்று போட்டிருக்கிறது, நம் ஊர்ப் பால்பவுடர் டின்னில் 67 என்று இருக்கிறது, அப்படியானால் அமெரிக்கப் பால் சத்துக் குறைந்ததா என்று கேட்கிறார். கூடவே, “அதில் மூளை வளர்ச்சிக்கான டிஎச்ஏ என்ற கொழுப்பு இருக்கிறதாமே, எனக்குத் தாய்ப்பாலும் குறைவு, முழுவதும் இதற்கே மாறிவிடலாமா?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இன்றைக்கே அந்தப் பாலில் தண்ணீர் கலப்பதை நிறுத்துங்கள். 100 மில்லியில் சுமார் 67 கலோரி இருக்கும் பால், நீங்கள் கலக்கும் அளவில் 50 கலோரியாகிவிடுகிறது. வயிறு நிறைகிறது, சத்தில் கால் பங்கு போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கவலை உப்பைப் பற்றியது. இந்த வயதுக் குழந்தையின் சிறுநீரகத்தால் கூடுதல் தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. தண்ணீர் உடம்பில் தங்கி, ரத்தத்தில் சோடியம் இறங்கும். ரொம்ப இறங்கினால் வலிப்பு வரும். நாள் முழுவதும் நீர்த்த பாலையே குடிக்கும் குழந்தைகளிடம்தான் பெரும்பாலும் இதைப் பார்க்கிறோம். உங்கள் மகள் இரண்டு வேளைதான் குடித்திருக்கிறாள், மீதி வேளைகளில் தாய்ப்பால். நான்கு நாளில் கேடு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, பாலுக்கு எழாமல் இருப்பது, உடம்பு சில்லிட்டுப்போவது, முகம் உப்புவது, கை கால் வெட்டுவது என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன கலந்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. மருத்துவருக்கு அந்த ஒரு விவரம் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.

சூடு என்று பயந்து தண்ணீர் சேர்க்கத் தேவையே இல்லை. அந்தப் பாலில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். மாசி, பங்குனி வெயிலிலும், தாய்ப்பால் அல்லது சரியான அளவில் கலந்த பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாகமெடுத்தால் இன்னொரு வேளை பால் கேட்கும், கொடுங்கள்.

20 கலோரியும் 67 கலோரியும்

உங்களைக் குழப்பிய கணக்கு சுலபமானது. அமெரிக்க லேபிளில் 20 கலோரி என்பது ஒரு அவுன்ஸுக்கு. திரவ அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 30 மில்லி. நம் டின்னில் 67 என்பது, பவுடரைச் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்தபின் 100 மில்லிக்கு. 30 மில்லிக்கு 20 என்றால் 100 மில்லிக்கு 67 சொச்சம். இரண்டும் ஒன்றேதான். தாய்ப்பாலும் சராசரியாக 65 முதல் 70 வரை. கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர விதியும் சிசுப்பால் 100 மில்லிக்கு 60 முதல் 70 கலோரிக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் பாட்டில் ஒன்றில் 160 கலோரி இருக்கிறது.

அமெரிக்க லேபிளில் சத்துப்பட்டியல் பெரும்பாலும் ‘100 கலோரிக்கு, 5 அவுன்ஸுக்கு’ என்று இருக்கும். 5 அவுன்ஸ் என்பது 148 மில்லி. சாதாரணமாக அதில் புரதம் 2 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு ஐந்தரை கிராம், மாவுச்சத்து 11 கிராம், தண்ணீர் 134 கிராம், கால்சியம் 80 மில்லிகிராம் அளவில், இரும்பு 1.8 மில்லிகிராம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும்.

இதையே 100 மில்லிக்கு மாற்றித் தாய்ப்பாலுக்கும் பசும்பாலுக்கும் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் விளங்கும். தாய்ப்பாலில் புரதம் சுமார் 1 கிராம், பாட்டில் பாலில் 1.4, பசும்பாலில் 3.2. பாலில் இயற்கையாக இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை தாய்ப்பாலில் 7 கிராம், பசும்பாலில் 5-க்கும் கீழே. பாட்டில் பாலில் அதை 7-க்கு மேல் ஏற்றியிருப்பார்கள். பசும்பாலின் கொழுப்பை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெய்களைச் சேர்த்திருப்பார்கள். உப்பும் பசும்பாலில் இருப்பதில் பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டிருக்கும். சுருக்கமாகச் சொன்னால், பசும்பாலில் அதிகமாக இருப்பதைக் குறைத்து, இல்லாததைச் சேர்த்து, தாய்ப்பாலுக்குக் கிட்டத்தட்டக் கொண்டுவந்த உணவு இது. வீட்டுப் பசுவின் பால் இதைவிட நல்லது என்று யாராவது சொன்னால் ஒரு வயதுவரை காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் புரதமும் உப்பும் சிறுநீரகத்துக்குச் சுமை, இரும்பு ஏறக்குறைய இல்லை.

பட்டியலில் புரதத்தை அதிகமாகக் காட்டும் டின்னைத் தேடி வாங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த வயதில் அது தவறு. கூடுதல் புரதம் எடையைத்தான் வேகமாக ஏற்றும், குழந்தைக்கு வேறு நன்மை இல்லை.

பாட்டில் பாலுக்கும், அதே வகை டின் பவுடருக்கும் சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. அமெரிக்க விதிப்படி 30 சத்துகளுக்குக் குறைந்தபட்ச அளவும், 10 சத்துகளுக்கு அதிகபட்ச அளவும் உண்டு. திரவமானாலும் பவுடரானாலும் ஒரே விதி. அந்த விதி வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டியதுதான். 1978, 79-ல் அங்கே ஒரு சோயா சிசுப்பாலில் குளோரைடு என்ற ஒரே ஒரு சத்து குறைந்துபோனது. அதையே முழு உணவாகக் குடித்த குழந்தைகள் வளராமல், ரத்தத்தின் ரசாயனச் சமநிலை கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் 1980-ல் சிசுப்பாலுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஒரே உணவை நம்பியிருக்கும் உயிருக்கு ஒரு சத்து தவறினாலும் ஈடுகட்ட வேறு உணவு இல்லை. அளவை மாற்றாதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

உங்கள் மாமியார் சொன்ன ‘வெள்ளம்’

அவர் பார்த்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. பாலின் கெட்டியை வைத்துச் சத்தை அளக்க முடியாது. தாய்ப்பாலும் பார்வைக்கு நீர்த்ததுதான், நீலம் பாய்ந்த வெண்மை. கூவைப்பொடி போட்டால் கெட்டியாகும், ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, புரதம் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஏத்தங்காய்ப் பொடியும் பெரும்பாலும் மாவுதான். இந்த மாவு வயிற்றில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை நீண்ட நேரம் தூங்கும், அடுத்த வேளை பாலைக் குறைவாகக் குடிக்கும். வீட்டில் ‘பிள்ளைக்குப் பசியடங்கியது’ என்று தோன்றும். உண்மையில் அன்றைக்குக் கிடைத்த புரதமும் கால்சியமும் இரும்பும் குறைந்திருக்கும். மூன்று மாதத்தில் கெட்டியானதை விழுங்கும் பக்குவமும் வந்திருக்காது. மூச்சுக்குழலில் ஏறும் அபாயம் உண்டு. பாட்டில் பாலில் டின் பவுடர் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவதும் இதே வகைத் தவறு. உப்பும் புரதமும் ஏறி, மலம் இறுகி, உடம்பில் நீர் வற்றும்.

மாமியாரிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருந்தால், வேண்டவே வேண்டாம் என்று சொல்லாமல், “ஆறு மாதம் முடியட்டும் மாமி, நீங்களே காய்ச்சிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு ஏத்தங்காய்ப் பொடி நல்ல உணவுதான். கேழ்வரகு, பாசிப்பயறு, முட்டை என்று புரதமும் இரும்பும் உள்ள ஏதாவது அதோடு சேர்ந்துவர வேண்டும், அவ்வளவே. தேன் மட்டும் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

பால் வெள்ளையாக இல்லாமல் லேசான பழுப்பாக இருப்பதையும் எழுதியிருந்தீர்கள். கெட்டுப்போனதால் அல்ல. பாட்டிலில் அடைக்கும்போது கிருமி முழுவதும் சாகும் அளவுக்குச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில் பாலின் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் மாறும். மேலே கொழுப்பு படிவதும் இயல்பு, குலுக்கினால் கலந்துவிடும். குலுக்கியும் கரையாத கட்டிகள், புளித்த வாடை, உப்பிய பாட்டில், உடைந்த சீல் என்றால் கொட்டிவிடுங்கள். பொருட்பட்டியலில் காராஜீனன் என்ற பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். பால் பிரியாமல் இருக்கச் சேர்க்கும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்.

இந்தப் பாலின் உண்மையான மேன்மை அந்தச் சூடேற்றலில்தான் இருக்கிறது. பவுடர் டின் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் கிருமி நீக்கப்பட்டதல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி அரிதாக அதில் இருந்து, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரவழைத்திருக்கிறது. திறக்காத திரவப் பாட்டிலில் அந்தக் கவலை இல்லை. அளவு தவறும் வாய்ப்பும் இல்லை, தண்ணீர் தேடவும் வேண்டாம். அதனால்தான் குறைமாதக் குழந்தைகளுக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் திரவ வகையை முதலில் சொல்கிறார்கள். உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலாவது, ‘ரெடி டு ஃபீட்’ என்பதும் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்ற வாசகமும் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கிறதா? அமெரிக்காவில் ‘கான்சன்ட்ரேட்’ என்று இன்னொரு திரவம் விற்கிறது. அது இரண்டு மடங்கு கெட்டி, சம அளவு தண்ணீர் சேர்த்தே கொடுக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இதை அதாக எண்ணித் தண்ணீர் கலந்தாலும் கேடு, அதை இதாக எண்ணி அப்படியே கொடுத்தாலும் கேடு.

இரண்டாவது, அவுன்ஸுக்கு 20 கலோரிதானா? 22 அல்லது 24 என்று இருந்தால் அது குறைமாதத்தில் பிறந்த, எடை ஏற வேண்டிய குழந்தைகளுக்கானது. நாத்தனார் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் என்பதால் இதைக் கேட்கிறேன். ‘டாட்லர்’ என்று போட்டிருந்தால் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது தேதி. எண்ணாக மட்டும் போட்டிருந்தால் அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/08 என்றால் மார்ச் 8, ஆகஸ்ட் 3 அல்ல. அந்தத் தேதி கெட்டுப்போகும் நாளை மட்டும் குறிப்பதில்லை. லேபிளில் எழுதிய அளவுக்குக் குறையாமல் சத்துகள் இருக்கும் என்று கம்பெனி உறுதி சொல்லும் கடைசி நாள் அது. வைட்டமின் சி போன்றவை நாள்பட, சூடுபடக் குறையும். பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே கீழே இறக்கி, வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் தரைத்தள அறையில் வையுங்கள். திறக்காத பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், உறையவும் விடக் கூடாது.

கொடுக்கும் முறை சிறியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டில் மூடியைத் துடைத்து, நன்றாகக் குலுக்குங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய 100, 120 மில்லியை மட்டும் கொதிநீரில் போட்டெடுத்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். மீதியை உடனே மூடி, திறந்த நேரத்தைப் பாட்டில் மேலேயே எழுதி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். லேபிள் வேறு சொல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கரண்ட் போய், திறந்த பாட்டில் இரண்டு மணி நேரம் வெளிச்சூட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். சூடாக்க வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், வாய் வெந்துவிடும். குழந்தை வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கவும் கூடாது, பாட்டிலில் திரும்ப ஊற்றவும் கூடாது. காசு கொடுத்தாலும் கிடைக்காத பால் என்று மனம் கேட்காது, இருந்தாலும் கொட்டுங்கள். நிப்பிளைவிடப் பாலாடையும் (பால் புகட்டும் சங்கு) சிறு கிண்ணமும் நல்லவை. கழுவுவது சுலபம், குழந்தை மார்பை மறப்பதும் குறைவு.

இரும்பு இருப்பதால் மலம் கரும்பச்சையாகப் போகலாம், அது நோயல்ல. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பது உண்மை, லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இராது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதியைக் குழந்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். பாட்டில் பாலில் 12 மில்லிகிராம் இருப்பது, அதிலிருந்து சேர்வது சிறு பங்குதான் என்பதால். நிறைமாதக் குழந்தை பிறக்கும்போதே நான்கு முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஆறு மாதம் முடிந்ததும் வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்தில் கிடைக்கும், கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

வைட்டமின் டி சொட்டு மருந்தைப் பாட்டில் பால் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். தொடருங்கள், தினம் 400 யூனிட். நாளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் பால் குடித்தால்தான் அந்த அளவு பாலிலிருந்தே உறுதியாக வரும். உங்கள் மகள் குடிப்பது ஒரு பாட்டில், அதில் 100 யூனிட் சொச்சம். கடையில் மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் 800 உள்ளதும் ஒரே மாதிரி அட்டையில் கிடைப்பதால், எத்தனை மில்லி என்பதை லேபிள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழுவதும் மாறலாமா

வேண்டாம். கணக்கே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 5.4 கிலோ குழந்தைக்குப் பாட்டில் பால் மட்டும் என்றால் கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளுக்கு 810 மில்லி, அதாவது மூன்றரைப் பாட்டில். 24 பாட்டில் உள்ள பெட்டி ஒரே வாரத்தில் தீரும். அதற்குள் உங்கள் பால் குறைந்திருக்கும். பிறகு மாதாமாதம் டின்னுக்கு ஓட வேண்டியதுதான். டிஎச்ஏ தாய்ப்பாலிலேயே இருக்கிறது. மத்தி என்கிற சாளை, நெத்திலி என்று நீங்கள் சாப்பிடும் மீனைப் பொறுத்து கூடவும் செய்யும். உங்கள் ஊர்ச் சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. நிறைமாதக் குழந்தைகளுக்கு பாட்டில் பாலில் டிஎச்ஏ சேர்ப்பதால் அறிவு கூடுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஒத்த முடிவு கிடைக்கவில்லை. நோயிலிருந்து காக்கும் பொருள்களை, தாயின் பாலில் உள்ளதுபோல், எந்தக் கம்பெனியாலும் பாட்டிலில் அடைக்க முடியவில்லை.

பால் குறைவு என்று நீங்கள் முடிவு செய்ததற்கு இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள்: மார்பு முன்புபோல் கட்டவில்லை, பம்பில் 40 மில்லிதான் வருகிறது. இரண்டாம், மூன்றாம் மாதத்தில் மார்பு மிருதுவாகிவிடுவது இயல்பு. குழந்தையின் தேவைக்கு ஏற்ப உடம்பு சுரக்கப் பழகிக்கொண்டது என்று பொருள். பம்பு எடுப்பது பெரும்பாலும் குழந்தை குடிப்பதைவிடக் குறைவு. பால் போதுமா என்பதை எடையும் சிறுநீரும்தான் சொல்லும். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டையில் பெண் குழந்தையின் நடு எடை பிறப்பில் 3.2, மூன்று மாதத்தில் 5.8. உங்கள் மகள் பிறக்கும்போது நடுக்கோட்டுக்கு ஒரு படி கீழே இருந்தாள், இப்போதும் அந்த வரிசையை விடாமல் வளர்கிறாள். இந்த இரண்டரைக் கிலோவும் உங்கள் பாலில் வந்தது.

வேலைக்குப் போகும் நாளில் காலை கிளம்பும் முன்னும், வந்த உடனும், இரவிலும் மார்பிலேயே கொடுங்கள். அலுவலகத்தில் இரண்டு, மூன்று முறை பாலை எடுங்கள். எடுத்த பாலை நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜிலோ, ஐஸ் பொதி வைத்த பையிலோ வையுங்கள். பையில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் இருக்கும். ரயில் தாமதமானாலும் பயமில்லை. பற்றாத வேளைக்கு மட்டும் அமெரிக்கப் பாட்டில். நான்கு பாட்டிலையாவது அப்படியே ஒதுக்கி வையுங்கள். 2017 ஓகி புயலில் குமரி மாவட்டத்தில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அடுப்பும் நல்ல தண்ணீரும் கிடைக்காத நாளில்தான் இந்தப் பாட்டிலின் அருமை தெரியும். தேதிக்குள் பயன்படுத்திவிடுங்கள். மிச்சத்தை மெடிக்கல் ஷாப்பில் கொடுத்து டின்னாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. இந்திய லேபிள் இல்லாத சிசுப்பாலை அவர்கள் விற்க முடியாது.

விடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மருத்துவர் சொல்லும் விஷயமல்ல என்றாலும். 84 நாள் என்பது பழைய கணக்கு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம். அதற்கு, நிறுவனத்தில் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும், பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் நீங்கள் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பால் இடைவேளையும் உரிமை. எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வேலை செய்யும் இடம் திருவனந்தபுரம் என்பதால் கேரளத் தொழிலாளர் துறையைத்தான் அணுக வேண்டும். ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் ஈஎஸ்ஐ அலுவலகத்தை. கிடைத்துவிட்டால் ஆறு மாதம்வரை நீங்களே வீட்டில் இருக்கலாம், மேலே சொன்ன பாதிக் கணக்குக்கு வேலையே இருக்காது.

டின் வாங்க நேர்ந்தால்

பாட்டில் தீர்ந்து பவுடருக்குப் போவதில் தடையில்லை, படிப்படியாக மாற்ற வேண்டியதுமில்லை. கரண்டியில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் டின்னில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, அமெரிக்க டின்னில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி. ஒன்றின் கரண்டியை மற்றதில் போட்டால் பால் பாதியாக நீர்க்கும், அல்லது இரண்டு மடங்கு கெட்டியாகும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில், அளந்து முதலில் ஊற்றுங்கள். பிறகு தலைதட்டிய கரண்டிப் பவுடர். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து உடனே கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம்.

பாறசாலைக் கடையில் தள்ளுபடி சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிசுப்பாலுக்கு விளம்பரம், இலவச மாதிரி, விற்பனையைத் தூண்டும் பரிசு, தள்ளுபடி எல்லாவற்றையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடுக்கின்றன. தள்ளுபடிக்காக முன்கூட்டியே நாலு டின் வாங்கி அடுக்காதீர்கள். அலமாரியில் டின் இருந்தால் கை அங்கேதான் போகும்.

அடுத்த வாரம் 14-ஆம் வார ஊசிக்குப் போவீர்கள். அன்றைக்கு உடை களைந்து எடை பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அவளுக்கு மாதம் 500 கிராம் அளவில் ஏற வேண்டும். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் நன்றாகப் போகிறாளா என்று இந்த ஒரு வாரம் எண்ணி எழுதிவையுங்கள். காலிப் பாட்டில் ஒன்றை லேபிளோடு எடுத்துப்போய்க் காட்டி, தண்ணீர் கலந்த நான்கு நாளைப் பற்றியும் அங்கேயுள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள்.